குளிர் மலையில் மரமும் மசாலாவும் மணக்க: நீலகிரிக்குப் புதிதாக வந்த ஆண்களுக்கு ஒரு வாசனைத் திரவிய வழிகாட்டி

பணிமாற்றத்தாலோ தோட்ட வேலைக்காகவோ ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறும் ஆண்கள் பலர் முதல் குளிர்காலத்திலேயே ஒன்றைக் கவனிக்கிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் நன்றாக மணந்த எலுமிச்சை வகை, கடற்காற்று வகைச் சென்ட் இங்கே பூசியதே தெரியாமல் போய்விடுகிறது. மரமும் மசாலாவும் கலந்த வாசனைதான் இந்தக் குளிருக்குப் பொருந்துகிறது. ஆனால் அதைச் சரியாக வாங்குவது எளிதாக இல்லை. மலையில் நல்ல கடைகள் குறைவு. கோயம்புத்தூர் வெயிலில் முகர்ந்து பிடித்துப்போனது மேலே வந்ததும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆளுமை ஒன்றாகவும், நம் ஊரார் மூக்குக்கு எட்டும் ஆளுமை வேறொன்றாகவும் இருக்கின்றன. இவற்றில் அலைந்து கற்றதை, அடுத்து வருபவர் அலையாதிருக்க வரிசையாக எழுதுகிறேன். தொடக்கம் முதல் பாட்டில் கைக்கு வரும்வரை நான்கைந்து வாரங்கள் ஒதுக்குங்கள். பாட்டிலின் விலை தவிர, மாதிரிகளுக்கென்று ஓராயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

1. எப்படிப்பட்ட மனிதராகத் தெரிய விரும்புகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

இந்த வாசனை உங்களைப் பற்றி மற்றவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் இரண்டு மூன்று வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். பதில் இல்லாமல் நிற்பவருக்கு, கடைக்கு அந்த மாதம் தள்ளிவிட வேண்டிய சரக்கே கையில் வந்து சேரும்.

மரமும் மசாலாவும் சேர்ந்த வாசனைக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. அவசரப்படாதவர், அளந்து பேசுபவர், சொன்ன சொல்லைக் காப்பவர், தொலைவில் சற்று இறுக்கமாகத் தெரிந்தாலும் பழகினால் இதமானவர் என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். விளம்பரம் சொல்வதால் மட்டும் வரும் எண்ணமல்ல இது. பொருள்களின் தன்மையிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. சந்தனம், தேவதாரு, வெட்டிவேர், பச்சோலி, அகில் ஆகியவற்றில் மணம் தரும் மூலக்கூறுகள் கனமானவை. அவை மெதுவாக ஆவியாகி, தோலை ஒட்டியே பல மணி நேரம் தங்குகின்றன. மிளகும் ஏலமும் முதலில் சுருக்கென்று எழுந்து விரைவில் அடங்கிவிடுகின்றன. ஆகவே அறைக்குள் நுழையும்போது ஒரு சிறு காரம் மட்டும் தெரிகிறது. அருகில் உட்கார்ந்து பேசுபவருக்கே அடியில் இருக்கும் மரத்தின் கதகதப்பு எட்டுகிறது.

இந்தப் பெருவகைக்குள் உட்பிரிவுகள் பல. மிளகும் வெட்டிவேரும் முன்னிற்பவை உலர்ந்தவை, கூர்மையானவை. கணக்கைத் துல்லியமாக வைத்திருப்பவர், நேரம் தவறாதவர் என்ற தோற்றத்தைத் தருபவை. 2006-இல் வெளிவந்த டெர் டெர்மெஸ் என்ற சென்ட் இந்த வழியைச் சேர்ந்தது: ஆரஞ்சுத் தோல், மிளகு, வெட்டிவேர், தேவதாரு. ஏலத்தை முன்னிறுத்தும் வகை தூய்மையையும் மரியாதையையும் சொல்லும். வகுப்பறையில் நிற்பவருக்கும் மக்களை நேரில் சந்திக்கும் பணியில் இருப்பவருக்கும் ஏற்றது. 1998-இல் வந்த கார்ட்டியேயின் டிக்ளரேஷனை இதற்கு எடுத்துக்காட்டாக முகர்ந்து பார்க்கலாம். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் ஆகியவை சந்தனத்தோடு சேரும் வகை குடும்பத்தைத் தாங்கும் மனிதரின் வாசனை. ஓல்ட் ஸ்பைஸ் லோஷனைத் தடவும் தந்தையிடம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாஸ் பாட்டில்டு என்ற சென்ட் இதே பட்டையை ஆப்பிளோடு சேர்த்து இளமையாக்கியது. அகிலும் குங்குமப்பூவும் பதனிட்ட தோலின் மணமும் கூடும் வகை அதிகாரத்தையும் சடங்கையும் நினைவூட்டும். திருமண வரவேற்புக்கும் பண்டிகை மாலைக்கும் அது அழகு. எட்டுக்குப் பத்து அடி அலுவலக அறையில் அதே வாசனை அடுத்தவருக்குச் சுமையாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த வாசனைகளுக்கு ஆளுமைப் பெயர் சூட்டியவர்களில் பெரும்பாலோர் மசாலாவைத் தொலைதூரப் பொருளாக அறிந்தவர்கள். அவர்களுக்குக் கிராம்பும் பட்டையும் சாகசம், மர்மம். நமக்கோ அவை பிரியாணி, பல்வலி, பாட்டி போட்ட கஷாயம். சந்தனத்தை ரோஜாவோடு இனிப்பாகக் கலந்தால், பூசியவரின் ஆளுமை தெரியும் முன்பே கல்யாண வாசலில் வைத்திருக்கும் சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் நினைவுக்கு வந்துவிடும். நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏலத்தின் முதன்மை மணப்பொருள்களில் ஒன்றான சினியோல்தான் இங்குள்ள கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) தைலத்தின் பெரும்பகுதியும். ஆகவே ஏலம் தூக்கலாக இருக்கும் சென்டைப் பூசிக்கொண்டு வந்தால், "ஜலதோஷமா சார், தைலம் தேய்ச்சிருக்கீங்களா?" என்று உள்ளூர்க்காரர் உண்மையான அக்கறையோடு கேட்பார்.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த அளவுகோல் ஒன்றுதான். முகர்ந்தவர் ஒரே ஒரு மசாலாவின் பெயரை உடனே சொல்லிவிட்டால், அந்தச் சென்ட் நம் மண்ணில் சமையலறை மணமாகவே கருதப்படும். காரம் இருப்பது தெரிய வேண்டும். எந்த மசாலா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அது மரத்தோடு கரைந்திருக்க வேண்டும். விலை எவ்வளவாக இருந்தாலும், எந்த நாட்டில் தயாரானாலும், இந்தச் சோதனையில் தேறாததை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2. ஒரு வாரம் மூக்கைப் பழக்குங்கள்

இதற்கு நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றைச் சிறு அளவில் வாங்கித் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு, நசுக்கி, கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லிப் பழகுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர், சந்தனக் கட்டைத் துண்டு, அகில் கட்டை ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். கடைப் பொடிகளில் கலப்படம் இருக்கக்கூடும் என்பதால் முழுப் பொருளாகவே வாங்குவது நல்லது.

நேரம் இருந்தால், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் பர்லியாறில் உள்ள தோட்டக்கலைப் பண்ணைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். ஜாதிக்காய், கிராம்பு, பட்டை மரங்களை நேரில் பார்க்கலாம். உதிர்ந்து கிடக்கும் பட்டை இலையைக் கசக்கி முகர்ந்தால், காய்ந்த பட்டையில் இல்லாத ஒரு பச்சை நெடி வரும். நல்ல சென்டுகளில் கேட்கும் உயிர்ப்பு அந்த நெடியில்தான் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் இருப்பவருக்கு மிளகும் ஏலமும் வாசலிலேயே கிடைக்கும்.

3. எங்கே பூசக்கூடாது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

தேயிலைத் தொழிற்சாலையிலோ, தேயிலைக் கிடங்கிலோ, தேநீர் சுவைத்துத் தரம் பிரிக்கும் இடத்திலோ பணிபுரிபவர் வேலை நேரத்தில் எந்தச் சென்டும் பூசக்கூடாது. தேயிலை சுற்றியுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். சுவைப்பவரின் மூக்கையும் சென்ட் கெடுத்துவிடும். இத்தகையவர்கள் மாலைக்கும் விடுமுறைக்கும் மட்டுமே வாங்குவதால் 30 மி.லி. பாட்டிலே தாராளம். மருத்துவமனைப் பணியாளர்களும் நோயாளியின் அருகில் செல்லும் நேரத்தில் தவிர்க்க வேண்டும்.

காட்டுப் பாதையில் நடக்கச் செல்லும் நாளில் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீக்கள் கூடு கட்டும் மாவட்டம் இது. கடுமையான வாசனை அவற்றைக் கிளறிவிடக்கூடும். மலைப்பாதைப் பேருந்தில் ஏறும் முன்பும் வேண்டாம். குளிருக்காக ஜன்னல்களை மூடிவைத்திருக்கும் வண்டியில், வளைவுக்கு வளைவு தலைசுற்றி உட்கார்ந்திருக்கும் சகபயணிக்கு கனமான அகில் வாசனை பெரிய தொல்லை.

4. முதலில் மாதிரிகளை வாங்குங்கள்

முழுப் பாட்டிலை முகராமல் வாங்காதீர்கள். இணையத்தில் 2 மி.லி. மாதிரிக் குப்பிகளும், 5 மி.லி., 10 மி.லி. அளவில் பிரித்து ஊற்றி விற்கும் டீகான்ட் குப்பிகளும் கிடைக்கின்றன. இறக்குமதிச் சென்டுகளில் 2 மி.லி. மாதிரி பெரும்பாலும் 150 முதல் 400 ரூபாய்க்குள் வரும். மூன்று அல்லது நான்குக்கு மேல் ஒரே முறையில் வாங்க வேண்டியதில்லை. டீகான்ட் என்பது வேறொருவர் பாட்டிலைத் திறந்து ஊற்றியது என்பதையும், அதற்குத் தயாரிப்பாளரின் முத்திரையோ சட்டப்படியான லேபிளோ இராது என்பதையும் நினைவில் வைத்து, சோதிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஊற்றப்பட்ட மூலப் பாட்டிலின் படத்தைத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

ஆல்கஹால் வேண்டாம் என்பவர்களுக்கு அத்தர் இருக்கிறது. 3, 6, 12 மி.லி. குப்பிகளில் விற்பார்கள். அதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இயற்கையான இந்தியச் சந்தன எண்ணெய் மொத்த விலையிலேயே கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. அப்படியானால் 6 மி.லி. குப்பிக்குள் இருக்கும் எண்ணெய் மட்டுமே அறுநூறு ரூபாய்க்குக் குறையாது. இருநூறு ரூபாய்க்கு "அசல் சந்தன அத்தர்" என்று தருவது செயற்கை மணப்பொருளில் செய்தது. அது நன்றாக மணந்தால் வாங்கலாம், தவறில்லை; அசல் என்று நம்பி அதிகப் பணம் கொடுப்பதுதான் கூடாது.

5. சோதனையை மலையிலேயே, முழு நாளும் செய்யுங்கள்

இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கோயம்புத்தூர்க் கடையில் அட்டைத் துண்டில் தெளித்து முதல் ஐந்து நிமிடம் முகர்ந்து வாங்கினால், நீங்கள் வாங்குவது அந்த ஐந்து நிமிடத்தை மட்டும்தான். 400 மீட்டர் உயரத்து வெப்பத்தில் மரமும் மசாலாவும் ஒன்றாகப் பொங்கி எழும். 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியின் குளிரில் அதே திரவம் அடக்கமாக, ஒவ்வொன்றாக விரியும். அங்கே அளவுக்கு மீறியதாகத் தோன்றியது இங்கே மிகச் சரியாக இருக்கக்கூடும். அங்கே மென்மையாக இருந்தது இங்கே காணாமல் போகக்கூடும்.

குளித்து, மணமில்லாத தோலோடு, காலை எட்டு மணிக்கு ஒரு முழங்கையின் உட்புறத்தில் ஒரே ஒரு முறை தெளியுங்கள். தேய்க்காதீர்கள். ஒரு நாளில் கைக்கு ஒன்றாக இரண்டு மாதிரிக்கு மேல் வேண்டாம். முதல் பதினைந்து நிமிடத்தில் வரும் மிளகு, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றைக் கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒன்பது மணி வாக்கில் மசாலா மரத்தோடு கலக்கத் தொடங்கும். நடுப்பகலில் மரம் மேலோங்கும். மாலை நான்கு மணிக்கு எஞ்சியிருப்பதுதான் உங்கள் உடையில் அடுத்த நாளும் இருக்கப்போகும் வாசனை. ஒவ்வொரு வேளையும் இரண்டு சொற்களை எழுதிவையுங்கள். இரவில் அந்தத் தாளைப் படித்து, முதல் படியில் எழுதிவைத்த வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். மரமணத்துக்காகச் சேர்க்கும் செயற்கைப் பொருள்களில் சிலவற்றை, ஐசோ ஈ சூப்பர் போன்றவற்றை, சிலருடைய மூக்கு உணராது. மற்றவர்களுக்கு அவை வெகு தொலைவு மணக்கும். தவிர, நாம் பூசியதற்கு நம் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வீட்டாரிடமும் உடன் பணிபுரிபவர் ஒருவரிடமும் கை நீட்டும் தூரத்தில் தெரிகிறதா, பேசும் தூரத்தில் தெரிகிறதா, என்ன நினைவுக்கு வருகிறது என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். "நல்லா இருக்கு" என்ற பதிலால் பயனில்லை; "எங்க மாமா ஞாபகம் வருது", "கோயில் மாதிரி இருக்கு", "குழம்பு வாசனை" என்பவைதான் உங்களுக்குத் தேவையான பதில்கள்.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு வேறு நாள்களில் சோதியுங்கள்: ஒன்று மூட்டமும் சாரலும் உள்ள நாள், மற்றது வெயில் அடிக்கும் நாள். ஜலதோஷம் இருக்கும்போதும், மலைப்பாதையில் ஏறிவந்த களைப்போடும் செய்யாதீர்கள்.

ஒவ்வாமையையும் இதே வேளையில் பார்த்துவிடலாம். கிராம்பில் உள்ள யூஜினால், பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு ஆகியவை சிலருடைய தோலில் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும். தெளித்த இடத்தை இரண்டு நாள் கவனியுங்கள். பனிக்காலத்தில் தோல் வறண்டு வெடித்திருக்கும்போதும், சவரம் செய்த உடனேயும் அந்த இடங்களில் பூசக்கூடாது.

6. பாட்டிலை வாங்கும் நாள்: விலையும் தாள்களும்

முதலில் விலை. இந்தியத் தயாரிப்புகள் 50 முதல் 100 மி.லி. அளவில் ஏறக்குறைய 500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. புகழ்பெற்ற இறக்குமதிப் பெயர்கள் 100 மி.லி. 6,000 ரூபாயில் தொடங்கி 15,000-ஐத் தாண்டும். பாட்டிலின் விலையைப் பார்த்து மலைப்பதைவிட ஒரு தெளிப்புக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு தெளிப்பு ஏறக்குறைய 0.1 மி.லி. என்றால் 100 மி.லி. பாட்டிலில் ஆயிரம் தெளிப்புகள். 6,000 ரூபாய்ப் பாட்டிலில் தெளிப்புக்கு 6 ரூபாய். நாளொன்றுக்கு மூன்று என்றால் ஏறத்தாழ பதினொரு மாதம் வரும். செறிவையும் கவனியுங்கள். ஓ டி டாய்லெட் வகையில் மணப்பொருள் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு, ஓ டி பர்ஃப்யூம் வகையில் 15 முதல் 20 விழுக்காடு. ஒரே பெயரில் இரண்டும் வந்தாலும் இரண்டின் மணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் சோதித்தது எதுவோ அதையே கேட்டு வாங்குங்கள்.

அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடங்கும். வாசனைத் திரவியத்துக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு என்பது உண்மை; ஆனால் அது அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. "ஜி.எஸ்.டி. தனி" என்று எந்தக் கடைக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இனி லேபிள். இந்தியத் தயாரிப்பானால் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், உட்பொருள்களின் பட்டியல், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, ஆர்.சி. என்ற எழுத்துகளோடு வரும் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண், தயாரான நாடு, ரூபாயில் விலை, வாடிக்கையாளர் தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தேடுங்கள். வளைகுடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பாட்டிலில் இந்த ஒட்டுத்தாள் இராது, அது இயல்பு. கடையில் விற்கும் பாட்டிலில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் பாட்டிலின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைப் பிரித்து இதைச் சரிபாருங்கள். நல்ல கடையில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

"டெஸ்டர் பாட்டில்", "ஃபர்ஸ்ட் காப்பி", "கம்பெனி மிச்சச் சரக்கு" என்று பாதி விலையில் வருபவற்றை ஒதுக்கிவிடுங்கள். சுற்றுலாத் தலத்துத் தெருவோரக் கடைகளில் புகழ்பெற்ற பெயர்களோடு சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுபவற்றைத் தோலில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், பொருளின் முழுப் பெயர், அளவு, விலை ஆகியவை இருக்க வேண்டும். வெறுமனே "பெர்ஃப்யூம் 1" என்று எழுதித் தந்தால் திருத்தி வாங்குங்கள். இயந்திரத்தில் அச்சாகும் பில்லின் எழுத்து மலையின் ஈரத்தில் விரைவில் மங்கிவிடும். அன்றே படம் எடுத்துச் சேமியுங்கள்.

கோயம்புத்தூர் சென்று திரும்ப ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஊட்டியிலிருந்து ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனி, ஞாயிறு மாலைகளில் மலைப்பாதை நெரிசலில் இன்னும் கூடும் என்பதால் வாரநாளே நல்லது. சொந்த வண்டியில் செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் தேவை. டி.என். 43 பதிவு எண் உள்ள வண்டிகளுக்கு வேண்டாம். உங்கள் வண்டி இன்னும் பழைய ஊர்ப் பதிவிலேயே இருந்தால் இறங்குவதற்கு முன்பே இணையத்தில் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் செல்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

7. மலைக்குக் கொண்டுவருதல்

ஊட்டி வந்து சேர்ந்ததும் சிப்ஸ் பாக்கெட் பந்து போல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றழுத்தம் கோயம்புத்தூரைவிட இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே காரணத்தால், விளிம்புவரை நிரப்பிய டீகான்ட் குப்பிகளும் சரியாக மூடாத அத்தர்க் குப்பிகளும் வழியில் கசியக்கூடும். மேலே சற்று இடம் விட்டு நிரப்பச் சொல்லி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, துணியில் உருட்டி, நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். தொழிற்சாலையிலேயே இறுக்கி மூடிய பாட்டில்கள் பெரும்பாலும் கசிவதில்லை.

கூரியரில் வரவழைத்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த சென்ட் தீப்பற்றும் பொருள் என்பதால் பெரும்பாலும் சாலை வழியாகவே அனுப்புவார்கள். சமவெளி நகரத்தைவிட மலைக்குச் சில நாள்கள் கூடுதலாகும். மழைக்காலத்தில் மண்சரிவு நேர்ந்தால் இன்னும் தாமதம். பரிசளிக்க வேண்டிய தேதிக்கு இரண்டு வாரம் முன்பே பதிவு செய்வது நல்லது. அஞ்சலில் தீப்பற்றும் பொருளை அனுப்பக்கூடாது. நீங்களும் அப்படி அனுப்பாதீர்கள். விமானத்தில் வருபவர் அழகுசாதனப் பொருள்களை எல்லாம் சேர்த்து 2 லிட்டர்வரை, ஒவ்வொரு கொள்கலனும் அரை லிட்டருக்கு மிகாமல் கொண்டுவரலாம். கைப்பையில் 100 மி.லிக்கு மேற்பட்ட பாட்டிலை வைக்காதிருங்கள்.

பெட்டி வந்ததும் பிரிப்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை இடையில் நிறுத்தாமல் காணொளியாக எடுங்கள். உடைந்தோ மாறியோ வந்தால் அதுவே சான்று.

8. பூசும் முறையும் பாதுகாப்பும்

குளிர்காலத்தில் இங்கே கம்பளி உடைதான் எல்லாமும். அதில் ஒரு சிக்கல்: ஸ்வெட்டர், கோட், மஃப்ளர் எல்லாம் பாச்சை உருண்டையோடு பெட்டியில் கிடந்தவை. அந்த நெடிக்கு மேல் சந்தனத்தையும் மிளகையும் தெளித்தால் இரண்டும் சேர்ந்து தாங்க முடியாத மணமாகும். கம்பளியை நல்ல வெயிலில் இரண்டு நாள் உலர்த்திய பிறகே தொடங்குங்கள். பாச்சை உருண்டைக்குப் பதிலாக வெட்டிவேர்க் கட்டு வைத்தால் சென்டோடும் ஒத்துப்போகும்.

தோலில் இரண்டு தெளிப்பு, கழுத்தின் பின்புறம் ஒன்று, அவ்வளவே போதும். ஜன்னல் மூடிய அறைகளில் வாழும் ஊர் என்பதால் குளிருக்காக அளவைக் கூட்ட வேண்டாம். வறண்ட தோலில் மணம் நிற்காது. முதலில் மணமில்லாத களிம்பைச் சிறிது தடவுங்கள். தேங்காய் எண்ணெய் இங்கே உறைந்து கிடக்கும், தவிர அதற்கென்று ஒரு மணமும் உண்டு. மஃப்ளரில் நேராகத் தெளித்தால் மர மணம் பல நாள் போகாது. தினமும் சென்டை மாற்றிப் பூசுபவர் அதைச் செய்யக்கூடாது; நிறமுள்ள அத்தர் கறையும் விடும்.

பாட்டிலுக்கு வெளிச்சமும் வெப்பமும் பகை. ஊட்டியின் குளிர் அதற்கு நல்லதே. ஹீட்டர், கெய்சர், ஜன்னலோர வெயில் ஆகியவற்றை விட்டு விலக்கி, மூடிய அலமாரியில் வையுங்கள். அட்டைப் பெட்டியைப் பூஞ்சை பிடிக்கவிடாதீர்கள். தொகுதி எண்ணும் விலையும் அதில்தான் இருக்கின்றன.

9. ஏமாற்றப்பட்டால்

முதலில் கடைக்கோ விற்ற தளத்துக்கோ எழுத்து மூலம் புகார் கொடுத்து, பதிலுக்கு ஒரு காலக்கெடுவைக் குறிப்பிடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பதால், டெல்லிக் கடையில் வாங்கியதற்கும் ஊட்டியிலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். பில், பணம் செலுத்திய சான்று, லேபிளின் படங்கள், பெட்டியைப் பிரித்த காணொளி, நீங்கள் எழுதிய புகார், வந்த பதில், தோல் பாதிப்பு இருந்தால் மருத்துவரின் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கோபத்தில் பாட்டிலைக் கொட்டிவிடாமல், மீதித் திரவத்தோடும் அட்டைப் பெட்டியோடும் அப்படியே வைத்திருங்கள். போலியா அசலா என்று ஆய்வுக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தத் திரவம்தான் வேண்டும்.